வாரம் ஒரு பாடவேளை, மரத்தடியில்

ஜெர்மனியின் வடகோடியில், டென்மார்க் எல்லையை ஒட்டிய ஃபிளென்ஸ்புர்க் நகரில் 1993-ல் ஒரு மழலையர் பள்ளிக்கு அரசு அங்கீகாரம் கிடைத்தது. அந்தப் பள்ளிக்குச் சுவரும் இல்லை, கூரையும் இல்லை. பிள்ளைகள் காலையில் காட்டோரம் வந்து சேர்வார்கள். பள்ளி விடும்வரை காட்டில்தான் இருப்பார்கள். அந்நாட்டில் இன்று இப்படிப்பட்ட காட்டுப் பள்ளிகள் 2,000-க்கும் மேல் இருப்பதாகக் கணக்கு. மழைக்கும் பனிக்கும் விடுமுறை கிடையாது. கிளை முறியும் அளவுக்குப் புயல் அடித்தால்தான் காட்டுக்குள் போக மாட்டார்கள். ஒதுங்கிக்கொள்ளக் கணப்பு வைத்த மரவண்டி ஒன்று நிற்கும்.

மூன்றிலிருந்து ஆறு வயதுக்குள்ளான பிள்ளைகளைக் காட்டில் விட்டுவிடுகிறார்களே என்று பதறுகிறவர்கள் அங்குள்ள விதிகளைக் கவனிக்க வேண்டும். பாதையில் முன்னால் ஓடலாம். ஆனால் குறித்துவைத்த இடம் வந்ததும் நின்றுவிட வேண்டும், கடைசிப் பிள்ளையும் வந்து சேர்ந்த பிறகே அடுத்த ஓட்டம். குச்சி சீவக் கத்தி தருவார்கள். கத்தி கையில் இருந்தால் உட்கார்ந்திருக்க வேண்டும். உடம்பிலிருந்து வெளிப்பக்கமாகத்தான் சீவ வேண்டும். பறித்த பழத்தைக் கழுவாமல் வாயில் போடக் கூடாது, நரியின் எச்சத்தால் நாடாப்புழு தொற்றும் என்பதால். கடையில் வாங்கிய பொம்மைகள் இல்லை. சுமார் 20 பிள்ளைகளுக்குக் குறைந்தது இரண்டு பெரியவர்கள்.

இந்த முறையின் வேர் டென்மார்க்கில் இருக்கிறது. 1950-களில் எல்லா ஃபிளாட்டாவ் என்ற பெண்மணி தன் பிள்ளைகளையும் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளையும் தினமும் காட்டுக்கு அழைத்துப்போனதிலிருந்து அது தொடங்கியதாகச் சொல்வார்கள். 1990-களில் இங்கிலாந்தின் பிரிட்ஜ்வாட்டர் கல்லூரியைச் சேர்ந்தவர்கள் டென்மார்க் போய்ப் பார்த்துவிட்டு வந்து தங்கள் ஊரில் அதை ஆரம்பித்தார்கள். 2012-ல் இங்கிலாந்தில் இதற்கென ஒரு சங்கம் உருவானது. அது வகுத்த நெறிகளில் முதலாவது: ஒரு தடவை போய்வருவது காட்டுப் பள்ளி ஆகாது. அதே பிள்ளைகள் அதே இடத்துக்குப் பருவம் மாற மாறத் திரும்பத் திரும்ப வர வேண்டும்.

தமிழ்நாட்டில் இதைப் பற்றிப் பேசுகிறவர்கள் கோட்டைவிடுவது இந்த இடத்தில்தான். இயற்கைக் கல்வி என்றால் இங்கே ஆண்டுக்கு ஒரு சுற்றுலா, வசதி உள்ளவர்களுக்குக் கோடை முகாம், உலகச் சுற்றுச்சூழல் நாளான ஜூன் 5 அன்று மரக்கன்று நடும் புகைப்படம். அடுத்த ஜூன் 5-க்குப் பல பள்ளிகளில் அதே குழியில் வேறொரு கன்று நடப்படும். நட்ட கன்று பட்டுப்போனது ஏன் என்று பிள்ளைகளைக் கேட்டிருந்தால், அதுவே ஒரு பருவத்துக்கான பாடமாக இருந்திருக்கும்.

வெளியே இருப்பதால் பலன் உண்டா? சீனாவின் குவாங்சோ நகரில் 12 தொடக்கப் பள்ளிகளில் 2010 முதல் மூன்று ஆண்டுகள் ஓர் ஆய்வு நடந்தது. பாதிப் பள்ளிகளில் முதல் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தினமும் 40 நிமிடம் கூடுதலாக வெளியில் ஒரு வகுப்பு. மூன்று ஆண்டு முடிவில் புதிதாகக் கிட்டப்பார்வை வந்தவர்கள் அங்கே 30.4 சதவீதம், மற்றப் பள்ளிகளில் 39.5 சதவீதம். இதற்குக் காடுகூடத் தேவைப்படவில்லை. பகல் வெளிச்சம் போதுமானதாக இருந்தது. ஃபின்லாந்தில் சில பகல்நேரக் காப்பகங்களின் வெற்று முற்றங்களில் காட்டுத்தரையையும் புல்தரையையும் பெயர்த்து வந்து பரப்பினார்கள். பிள்ளைகள் அதில் விளையாடிய 28 நாட்களில் அவர்கள் தோலில் வாழும் நுண்ணுயிர்களின் வகைகள் கூடின. நோய் எதிர்ப்பை முறைப்படுத்தும் அறிகுறிகளும் இரத்தத்தில் தெரிந்தன. 2020-ல் வெளியான இந்த ஆய்வில் இருந்தவர்கள் 75 பிள்ளைகள்தான் என்பதால், நோயே வராது என்று யாரும் இதை வைத்து விளம்பரம் செய்ய முடியாது.

படிப்பு விஷயத்திலும் அதே நிதானம் வேண்டும். காட்டுப் பள்ளியிலிருந்து வந்த பிள்ளைகள் கவனத்திலும் மற்றவர்களோடு ஒத்துப்போவதிலும் முன்னே நிற்பதாக ஜெர்மனியில் ஆய்வுகள் உண்டு. ஆனால், பிள்ளையை மழையில் காட்டுக்கு அனுப்பத் துணியும் பெற்றோர், வீட்டிலும் பிள்ளையிடம் அக்கறையாகப் பேசுகிறவர்களாக இருக்கக்கூடும். பலனில் எத்தனை பங்கு காட்டுக்கு, எத்தனை பங்கு வீட்டுக்கு என்று பிரித்துச் சொல்வது எளிதல்ல.

தமிழ்நாட்டுக்கே உரிய ஓர் ஆட்சேபம் இருக்கிறது. அதைத் தட்டிக்கழிக்க முடியாது. 1953-ல் ராஜாஜி ஆட்சியில் தொடக்கப் பள்ளி நேரத்தைக் குறைத்து, மீதி நேரம் பெற்றோரின் தொழிலைப் பிள்ளைகள் கற்கட்டும் என்று ஒரு திட்டம் வந்தது. குலக்கல்வி என்று பெரியார் அதை எதிர்த்தார். 1954-ல் காமராஜர் முதல்வரானதும் அது கைவிடப்பட்டது. ஆடு மேய்ப்பிலிருந்தும் கூலி வேலையிலிருந்தும் பிள்ளைகளை மீட்டு பெஞ்சில் உட்காரவைக்க இரண்டு தலைமுறை பாடுபட்ட மண் இது. ‘புத்தகத்தை மூடு, வெளியே வா’ என்று யாராவது சொன்னால் அரசுப் பள்ளிப் பெற்றோருக்குச் சந்தேகம் வரத்தான் செய்யும். அந்தச் சந்தேகம் நியாயமானது.

அதற்காக, மரத்தடி வகுப்பு கட்டணம் கட்ட முடிந்தவர்களின் பிள்ளைகளுக்கு மட்டும் என்று விட்டுவிடுவதா? நகரத்துத் தனியார் பள்ளிகள் ‘பண்ணைக் கல்வி’ என்று கையேட்டில் அச்சடித்து விற்கின்றன. சொந்தமாக வேப்பமரமும் புங்கமரமும் உள்ள ஊராட்சி ஒன்றியப் பள்ளியோ முற்றத்துக்கு சிமென்ட் கல் பதித்துவிட்டுப் பிள்ளைகளை உள்ளே உட்காரவைக்கிறது. குலக்கல்வி எழுத்தை எடுத்துக்கொண்டு தொழிலைக் கொடுத்தது. இப்போது கேட்பது எழுத்தும் கணக்கும் பள்ளி நேரத்திலேயே, ஆசிரியர் முன்னிலையிலேயே, இன்னும் நன்றாக வருவதற்கான வழி.

எப்படி வரும்? பள்ளி முற்றத்து மணலில் குழியானையின் குழிகள் இருக்கும். சறுக்கி விழுந்த எறும்பு மேலேறப் பார்க்கும். அடியில் புதைந்திருக்கும் பூச்சி மண்ணை வாரி வீசி அதைக் கீழே தள்ளும். கிராமத்துப் பிள்ளைகளுக்கு இது தெரிந்த விளையாட்டு. அந்தப் பூச்சி ஓர் இளம்புழு, பின்னால் தும்பி போன்ற இறக்கைகளோடு பறக்கப்போவது என்பது பலருக்குத் தெரியாது. பத்துக் குழிகளின் அகலத்தை ஸ்கேலால் அளந்து பட்டியலிட்டால் நான்காம் வகுப்புக் கணக்கு. நிழலில் எத்தனை, வெயிலில் எத்தனை, ஏன் என்று கேட்டால் அறிவியல். பார்த்ததை ஐந்து வரியில் எழுதினால் தமிழ். மாமரத்தில் முசுறு இலைகளை இழுத்துக் கூடு தைப்பதைப் பார்க்க யாரும் நீலகிரிக்குப் போக வேண்டியதில்லை. தன் கூட்டத்தின் இளம்புழுவை வாயில் கவ்வி, அது சுரக்கும் இழையால் இலையோடு இலையைச் சேர்க்கிறது அந்த எறும்பு.

முன்மாதிரிகள் அருகிலேயே உள்ளன. திருவண்ணாமலையில் மருதம் பண்ணைப் பள்ளி இருக்கிறது. அதோடு இணைந்த அறக்கட்டளை அருணாசல மலையில் மரம் வளர்ப்பதிலும் தீத்தடுப்பிலும் ஈடுபட்டுவருகிறது. மலை பிள்ளைகளின் பாடத்தில் ஒரு பகுதி. கூடலூரில் வித்யோதயா பள்ளியில் பணியர், பெட்டக்குறும்பர், காட்டுநாயக்கர் உள்ளிட்ட ஆதிவாசிப் பிள்ளைகள் ஆதிவாசி ஆசிரியர்களிடமே படிக்கிறார்கள். வேறு பள்ளியில் ‘பின்தங்கியவர்’ என்று பெயர் வாங்கக்கூடிய பிள்ளைக்குக் காட்டைப் பற்றி உள்ள அறிவு அங்கே அறிவாகவே மதிக்கப்படுகிறது.

எல்லாப் பள்ளிக்கும் தோதானது ‘சீசன்வாட்ச்’ திட்டம். ஒரு பிள்ளை ஒரு மரத்தைத் தேர்ந்துகொள்ள வேண்டும். வாரம் ஒரு முறை போய்த் தளிர், முற்றிய இலை, மொட்டு, பூ, காய், பழம் ஒவ்வொன்றும் இல்லையா, கொஞ்சமா, நிறையவா என்று குறிக்க வேண்டும். தட்பவெப்பம் மாறும்போது மரங்களின் பருவம் எப்படி மாறுகிறது என்று அறிய அந்தக் குறிப்புகள் ஆய்வாளர்களுக்குப் பயன்படுகின்றன. கேரளத்தில் ஏராளமான பள்ளிகள் இதில் சேர்ந்திருக்கின்றன. செலவு ஒரு நோட்டும் பென்சிலும்.

தமிழகப் பள்ளிக் கல்வித் துறை செய்ய வேண்டியதும் பெரிதல்ல. தொடக்க வகுப்புகளுக்கு வாரம் ஒரு பாடவேளையை மரத்தடிக்கு என்று கால அட்டவணையிலேயே போட வேண்டும்; வெயில் கருதி அது காலை முதல் வேளையாக இருக்கட்டும். ஈராசிரியர் பள்ளிகளில் ஆசிரியருக்குத் துணையாக நிற்க, பள்ளி மேலாண்மைக் குழுவிலிருந்து ஒரு பெற்றோரை அழைக்கலாம். அந்த வகுப்புக்குப் பதிவேடோ, பள்ளித் தரவுகளுக்கான எமிஸ் செயலியில் படம் ஏற்றும் வேலையோ கூடாது. அவை வந்தால் ஜூன் 5 கதைதான். புதர் வெட்டித் தரை துப்புரவாக்குவதையும், முதலுதவிப் பெட்டி வைப்பதையும் உள்ளாட்சியின் பொறுப்பாக்க வேண்டும்.

இத்தனையும் செய்தாலும் ஒரு நாள் ஒரு பிள்ளையைத் தேள் கொட்டலாம், கிளையிலிருந்து இன்னொன்று விழலாம். இன்று அப்படி நடந்தால் மறுநாளே தலைமை ஆசிரியருக்கு ஒழுங்கு நடவடிக்கைக்கான 17-பி குறிப்பாணை வரும் என்ற பயம் இருக்கிறது. பிள்ளைகளை உள்ளேயே வைத்திருப்பதுதான் அவருக்குப் பத்திரம். விதிப்படி வகுப்பை வெளியே நடத்திய ஆசிரியர் மேல் நடவடிக்கை இல்லை, பிள்ளையின் சிகிச்சைச் செலவு அரசுடையது என்ற இரண்டு வரிகள் அரசாணையில் இல்லாவிட்டால், மற்ற எந்த வரியை எழுதியும் பயனில்லை.