கார்பன் தொரட்டியும் கரண்டுக் கம்பியும்

கார்பன் ஃபைபர்னு பேரைச் சொன்னாலே இப்ப ஒரு மயக்கம் இருக்கு. சைக்கிள்ல இருந்து ட்ரோன் வரைக்கும், கருப்பா சாய்வுக்கோடு நெசவு தெரிஞ்சா போதும், விலையைக் கூடக் கேட்காம வாங்கிடறாங்க. கோயமுத்தூர், சென்னையில இருக்கிற நண்பர்கள் என்கிட்ட கேட்கிறாங்க: "ஏங்ண்ணா, இதை வீட்லயே பண்ணலாமாமே, ஊர்ப் பசங்களுக்கு நல்ல தொழிலாச்சே?"

பண்ணலாம். எங்க ட்ராக்டர் செட்டுலயே பண்ணியாச்சு. பார்த்ததை வெச்சுத்தான் சொல்றேன்: அந்த வேலைமுறை கிராமத்துக்கு வரணும். கார்பன் வர வேண்டிய அவசியம் பெரும்பாலும் இல்ல. சில இடத்துல வரவே கூடாது.

பண்ணினது அக்கா பையன். டிப்ளமோ மெக்கானிக்கல் முடிச்சுட்டு ஊரோட இருக்கான். அவன் எடுத்துக்கிட்ட சாமான், முதுகுல மாட்டுற பவர் ஸ்பிரேயரோட பின்பலகை. கம்பெனிக்காரன் கொடுக்கிற இரும்புத் தகடு தட்டையா இருக்கும். மனுசன் முதுகு தட்டையா இல்லை. ஒரு ஏக்கருக்கு மருந்து அடிச்சு முடிக்கிறதுக்குள்ள இடுப்புக்கு மேல அழுத்தி சிவந்து போயிடும். முதுகு வளைவுக்கு ஏத்த மாதிரி ஒரு பலகை வேணும்னு அவன் நினைச்சது ரொம்ப சரி.

முறை பேரு வாக்குவம் இன்ஃபியூஷன். கேட்க பெருசா இருக்கும், விஷயம் எளிசு. வழுவழுன்னு தேய்ச்ச அச்சுல மெழுகு பூசணும். அதுமேல காஞ்ச கார்பன் துணியை அடுக்கடுக்கா விரிக்கணும். இவன் சதுர மீட்டருக்கு 200 கிராம் துணியில எட்டு அடுக்கு போட்டான். நேரா ஒரு அடுக்கு, மூலைவாட்டமா ஒரு அடுக்குன்னு மாத்தி மாத்தி. இழை ஓடுற திசையிலதான் பலம் இருக்கு, குறுக்கே இல்லை. தென்னை ஓலையை நீளவாக்குல இழுத்துப் பாருங்க, அப்புறம் குறுக்கே கிழிச்சுப் பாருங்க, அதே கதைதான்.

துணிக்கு மேல உரிச்செடுக்கிற துணி ஒண்ணு, அதுக்கு மேல ரெசின் ஓடறதுக்கு ஒரு பிளாஸ்டிக் வலை, சுத்தியும் பிசின் டேப், எல்லாத்துக்கும் மேல நைலான் பை. ஒரு ஓரத்துல ரெசின் வர்ற குழாய், எதிர் ஓரத்துல காத்தை இழுக்கிற குழாய். பம்ப்பைப் போட்டா பை அச்சோட ஒட்டி, கல்லு மாதிரி இறுகிடும். நாம காத்தை இழுக்கிறதால வர்ற பலம் இல்லை இது. வெளியில இருக்கிற காத்து அமுக்கறது. சதுர மீட்டருக்கு சுமார் 10 டன். ஒண்ணரை அடி நீளம், ஒரு அடி அகலம் இருக்கிற அந்தப் பலகை மேல மட்டும் ஒண்ணேகால் டன்னுக்கு மேல. ஒரு கார் ஏறி நிக்கற மாதிரி, ஆனா எல்லா இடத்துலயும் ஒரே சீரா. எந்த பிரஸ் மெஷினும் இல்லாம வீட்ல இவ்வளவு அழுத்தம் கிடைக்குதுங்கிறதுதான் இந்த முறையோட அழகு.

பம்ப்புக்கு முதல்ல பால் கறக்கிற மெஷினையே மாட்டலாம்னான். "மாப்ள, அது பாதி வாக்குவம்தான் இழுக்கும். முழுசா இழுத்தா மாட்டோட காம்பு என்னத்துக்கு ஆகும்?"னு சொன்னேன். ஏசி, ஃபிரிட்ஜ் மெக்கானிக்குங்க வெச்சிருக்கிற பம்ப்தான் இதுக்கு சரி. நடுவுல ஒரு மூடின பாத்திரம் வைக்கணும், இல்லைன்னா மிச்ச ரெசின் பம்ப்புக்குள்ள போய் இறுகிடும், பம்ப்பைக் காயலான் கடையிலதான் போடணும்.

எல்லாத்தையும் விட பொறுமை கேட்கிறது கசிவு பார்க்கிறது. ரெசின் ஊத்தறதுக்கு முன்னாடி பம்ப்பை நிறுத்தி, வால்வை மூடி, மீட்டர் முள்ளைப் பார்த்துட்டு உட்காரணும். அரை மணி நேரம் அசையாம இருந்தா சரி. அசைஞ்சா டேப் ஓரமா ஒவ்வொரு மடிப்பா அமுக்கிட்டு வரணும். சொட்டுநீர் லைன்ல எங்க ஒழுகுதுன்னு தேடறவங்களுக்கு இந்த வேலை பழக்கம்தான். என்ன, அங்க தண்ணி வெளியே வரும், கண்ணுக்குத் தெரியும். இங்க காத்து உள்ளே போகும், காதை வெச்சுத்தான் கேட்கணும்.

ரெசின் விஷயத்துல நம்ம ஊர்ப் பழக்கம் ஒண்ணை மறக்கணும். தண்ணித்தொட்டி ஒட்டறவங்க பாலியெஸ்டர் ரெசின்ல ஹார்டனரைக் கொஞ்சம் கூட ஊத்தினா சீக்கிரம் இறுகும். எப்பாக்ஸி அப்படி இல்லை. 100 கிராமுக்கு 30 கிராம்னு டப்பாவுல போட்டிருந்தா 30 தான். கூடினாலும் குறைஞ்சாலும் பிசுபிசுன்னே நிக்கும். தராசு இல்லாம இறங்கக் கூடாது.

இனி சொல்றதை எந்த வீடியோவுலயும் நான் பார்க்கலை. ஏன்னா அதெல்லாம் குளிர் தேசத்துல எடுத்தது. டப்பாவுல ஒரு மணி நேரம் கையாளலாம்னு எழுதியிருக்கும். அது 25 டிகிரிக்கு. வெப்பம் 10 டிகிரி கூடினா அந்த நேரம் ஏறக்குறைய பாதியாகும். சித்திரை மாசம் தகரக் கொட்டகைக்குள்ள மத்தியானம் ரெசின் கலக்கினா, துணி பூரா நனையறதுக்குள்ள குழாயிலேயே இறுகிடும். வாளியில மொத்தமா கலந்து வெச்சா தானே சூடேறி புகையும் வரும். விடியக்காலம் பண்ணணும், கொஞ்சம் கொஞ்சமா கலக்கணும்.

இன்னொண்ணு, செஞ்ச சாமான் வெயில்ல என்ன ஆகும்? சாதாரண சூட்டுல இறுகின எப்பாக்ஸி, பல ரகத்துல 50, 60 டிகிரி வந்தாலே இளக ஆரம்பிக்கும். கருப்பு சாமானை நம்ம பங்குனி வெயில்ல போட்டா அந்தச் சூடு சாதாரணமா வந்துடும். ஃபைபர்ல செஞ்ச கிளைடர் விமானங்களுக்கு வெள்ளை பெயின்ட் அடிக்கிறதுக்கு முக்கியமான காரணம் இதுதான். மாப்பிள்ளை ஒரு மரப்பெட்டிக்குள்ள பல்பு மாட்டி, கோழிக்குஞ்சுக்கு சூடு கொடுக்கிற மாதிரி, ரெசின் கம்பெனிக்காரங்க சொன்ன வெப்பத்துல பல மணி நேரம் வெச்சு எடுத்தான். நான் அதுமேல வெள்ளை பெயின்ட் அடிக்கச் சொன்னேன். மூஞ்சி சுண்டிப் போச்சு. "மாமா, அந்த நெசவு தெரியத்தானே இவ்வளவும் பண்ணினேன்!" அங்கதான் இருக்கு விஷயம். பாதிப் பேருக்கு கார்பன் வேண்டியது பலத்துக்கு இல்லை, பார்வைக்கு.

எடைக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். பழைய இரும்புத் தகடு ஒண்ணேகால் கிலோ. கார்பன் பலகை 400 கிராமுக்குள்ள. நல்ல மிச்சம். ஆனா அதையே கண்ணாடி இழைத் துணியில, அதே பை, அதே பம்ப், அதே ரெசின் வெச்சு, கொஞ்சம் தடிமனாப் பண்ணினா 650 கிராம் வரும். வித்தியாசம் ஒரு டம்ளர் தண்ணி. முதுகுல மாட்டுறது 20 லிட்டர் மருந்துத் தண்ணியும் மெஷினும் சேர்ந்து 28 கிலோ. அந்த ஒரு டம்ளருக்காக துணிக்குப் பல மடங்கு காசு கொடுக்கணுமா? முதுகு வலியைக் குறைச்சது அந்த வளைவு. கார்பன் இல்லை.

ட்ரோனுக்குக் கதை வேற, ஒத்துக்கறேன். பறக்கிற சாமான்ல ஒவ்வொரு கிராமும் பேட்டரியைத் தின்னும். ஆனா சான்று வாங்கின ட்ரோனோட கையை உடைச்சுக்கிட்டு வந்து, "செட்டுல பண்ணிக் கொடு தம்பி"ன்னு கேட்கிறவங்களை நான் ஆதரிக்க மாட்டேன். மருந்து டாங்க்கோட அது யார் தலைக்கு மேல பறக்கும்னு யோசிக்கணும்.

இப்ப தொரட்டிக்கு வர்றேன். இதை எழுத உட்கார்ந்ததே அதுக்காகத்தான்.

கர்நாடகத்துப் பாக்குத் தோட்டங்கள்ல கார்பன் ஃபைபர் தொரட்டி பரவலா வந்துடுச்சு. மரம் ஏற ஆள் கிடைக்கலை, கீழ நின்னே அறுக்கலாம். அறுபதடிக்கு நீட்டினாலும் ஒருத்தரால பிடிக்க முடியுது. மூங்கில்லயோ அலுமினியத்துலயோ அந்த நீளத்துக்குக் கை விட்டுப்போகும். எடையைத் தூக்கிப் பிடிக்கிறவனுக்கு கார்பன் நிஜமாவே உதவுற ஒரே விவசாய சாமான் இதுதான்னு கூட சொல்வேன். நம்ம பக்கமும் தென்னைக்கும் பாக்குக்கும் வாங்கிட்டு வர்றாங்க. ஆனா நிறைய பேரு நினைச்சுக்கிட்டிருக்கிறது என்னன்னா, "இது ஃபைபர், ஷாக் அடிக்காது." ஃபைபர் ஏணி, ஃபைபர் பிடி எல்லாம் பார்த்துப் பழகின நினைப்பு அது. அதெல்லாம் கண்ணாடி இழை. கார்பன் மின்சாரத்தைக் கடத்தும். 1880 வாக்குல எடிசன் பல்பு எரிய வெச்சதே மூங்கில் நாரைக் கருக்கி, அந்தக் கார்பன் இழையில கரண்ட்டை ஓட விட்டுத்தான். இப்போ வர்ற இழை ஸ்வெட்டர் நூல் இருக்கே, அந்த அக்ரிலிக் வகையைச் சூடேத்திக் கருக்கினது. செய்முறை மாறியிருக்கு, கரண்ட் கடத்துற குணம் மாறலை. வெளிநாட்டுல கார்பன் தூண்டில் கம்புல கூட "மின்கம்பி பக்கம் கொண்டு போகாதே"ன்னு எச்சரிக்கை ஒட்டித்தான் விற்கிறாங்க.

நம்ம தோட்டத்துல கரண்டுக் கம்பி எங்க ஓடுதுன்னு நகரத்துல இருக்கிறவங்க ஒரு தடவை வந்து பாருங்க. தென்னை வரிசைக்கு நடுவுல மோட்டாருக்குப் போற லைன், சில இடத்துல அதுக்கும் மேல 11,000 வோல்ட் லைன். அலுமினியக் கம்பியால தேங்காய் பறிக்கப் போய் செத்த செய்தியை எத்தனை தடவை பேப்பர்ல படிச்சிருக்கோம். அலுமினியம்னா பயமாவது இருக்கு. கார்பன் தொரட்டியைப் பிடிக்கிறவனுக்கு அந்தப் பயமும் இல்லை. அதுதான் மோசம்.

கையில பிடிக்கிற கீழ்த் துண்டுகளையாவது கண்ணாடி இழையில பண்ணணும், பிடிக்கிறவன்கிட்ட சொல்லியும் கொடுக்கணும். அப்படியே பண்ணினாலும் பனி ஈரத்துல, அழுக்கோட இருக்கிற குழாயை நம்பிக் கம்பிகிட்ட நீட்டக் கூடாது. லைன் பக்கத்து மரம்னா ஈபிக்குச் சொல்லி நிறுத்தின பிறகு அறுக்கறதுதான் சரி. வீட்ல தயாரிக்கிற பையன் எச்சரிக்கை ஸ்டிக்கர் ஒட்டுவானா? சந்தையில வாங்கி விக்கிறவன் சொல்வானா? கூலிக்கு அறுக்க வர்றவர் அதைப் படிப்பாரா? இந்த மூணுக்கும் பதில் தெரியாம கிராமத்துல கார்பன் தொழில் வரட்டும்னு சொல்ல எனக்கு வாய் வரலை.

சின்னச் சின்ன சங்கதிகளும் இருக்கு. கார்பனை அலுமினியத்தோட நேரா சேர்த்து முடுக்கினா, உரத்தண்ணி பட்டுப்பட்டு அலுமினியம் அரிச்சுப் போகும். நடுவுல ஒரு அடுக்கு கண்ணாடித் துணி போடணும், துருப்பிடிக்காத போல்ட்டு போடணும். அறுக்கும்போதும் தேய்க்கும்போதும் வர்ற தூசி மூச்சுக்கு ஆகாது, மோட்டார் ஸ்டார்ட்டருக்குள்ள போனா அங்கயும் வேலையைக் காட்டும். தண்ணி விட்டுத் தேய்க்கணும், மாஸ்க் போடணும். எப்பாக்ஸி கையில திரும்பத் திரும்பப் பட்டா சிலருக்கு அரிப்பு வந்துடும், ஒரு தடவை ஒத்துக்காமப் போச்சுன்னா ஆயுசுக்கும் அந்தப் பக்கமே போக முடியாது. பூச்சிமருந்தையே வெறுங்கையில கலக்கிற ஊர் இது. கையுறை போடுன்னு சொன்னா சிரிக்கிறாங்க.

அப்புறம் குப்பை. ஒரு பலகை பண்ணி முடிச்சா பை, வலை, டேப், குழாய், உரிச்ச துணி எல்லாம் ரெசின் இறுகி ஒரு மூட்டை வருது. எதையும் இன்னொரு தடவை பயன்படுத்த முடியாது. நம்ம ஊர்ல மூட்டையாச் சேர்ந்தா கொளுத்தறதுதான் வழக்கம். கார்பன் துண்டும் சேர்ந்து எரிஞ்சா ரெசின் போய், இழை மட்டும் காத்துல பறக்கும். கலப்பைக் கொழு தேய்ஞ்சா ஆசாரி பட்டறையில காய்ச்சி அடிச்சுக் கொடுப்பார். இறுகின எப்பாக்ஸியை உருக்கவே முடியாது, உடைஞ்சா அது குப்பைதான். நான் மாப்பிள்ளையை மூட்டையைக் கொளுத்த விடலை. செட்டு மூலையில கிடக்குது, என்ன பண்றதுன்னு இன்னும் முடிவு பண்ணலை.

இவ்வளவு சொன்னாலும் அந்தப் பம்ப்பும் பையும் செட்டுல இருக்கிறது எனக்கு சந்தோசம்தான். ஸ்பிரேயர் பலகை, மோட்டார் பெட்டி மூடி, வெடிச்ச தொட்டிக்கு ஒட்டு, ட்ராக்டர் மட்கார்டு, இதெல்லாம் கண்ணாடி இழையில இங்கயே பண்ணலாம். டவுனுக்கு ஓட வேண்டியதில்லை. கசிவு தேடற பொறுமை இருக்கிற பையனுக்கு இதுல சோறு இருக்கு.

பலகையைப் பார்த்துட்டு ரெண்டு பேரு கேட்டிருக்காங்க, கண்ணாடி இழையில அச்சுக்குத் துணி வெட்டிக்கிட்டு இருக்கான். போன வாரம் பாக்குத்தோட்டக்காரர் ஒருத்தர் கார்பன்ல நாற்பதடித் தொரட்டி பண்ணித் தர முடியுமான்னு வந்தார். அவர் தோட்டத்துல எத்தனை லைன் போகுதுன்னு கேட்டேன். மூணுன்னார். முடியாதுன்னு அனுப்பிட்டோம். வேற எங்கயாவது வாங்கிக்குவார்னு நினைக்கிறேன், அதனால கார்பன் கரண்ட் கடத்தும்ங்கிறதை மட்டும் ரெண்டு தடவை சொல்லித்தான் அனுப்பினேன்.