ரூபாய்க் குறிக்குப் பின்னால் ஒரு படிப்பு



பிளஸ் டூ முடித்தவர்களுக்கான வழிகாட்டிப் பக்கங்களில் வடிவமைப்புப் படிப்புக்குக் கடைசி மூலைதான் கிடைக்கிறது. அது நியாயமில்லை.

2010 ஜூலை 15 அன்று மத்திய அமைச்சரவை ஏற்ற ரூபாய்க் குறியை வரைந்தவர் தமிழ்நாட்டைச் சேர்ந்த உதயகுமார். கட்டடக்கலை படித்துவிட்டு, மும்பை ஐஐடியின் தொழில்துறை வடிவமைப்பு மையத்தில் முதுகலை முடித்தவர். அங்கேயே தமிழ் அச்செழுத்துகளை ஆராய்ந்து முனைவரானார். தேவநாகரி ‘ர’வையும், செங்குத்துக் கோடு நீக்கிய ரோமன் ‘ஆர்’ எழுத்தையும் ஒன்றாக்கி, மேலே இரு கிடைக்கோடுகளை அமைத்தார். எழுத்தின் உடற்கூற்றை ஆண்டுக்கணக்கில் பயின்ற கை அது! பிறகு குவாஹாட்டி ஐஐடியில் ஆசிரியப் பணியில் சேர்ந்தார்.

இளநிலை வடிவமைப்புக்கான ‘யூசீட்’ தேர்வை எந்தப் பிரிவில் பிளஸ் டூ படித்தவரும் எழுதலாம். வணிகவியல், கலைப்பிரிவு மாணவர்களுக்குப் பள்ளிகள் இதை முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

- ஒரு வாசகர், விழுப்புரம்