பழையதற்குத் திரும்பலாமா?



"புதுசு சரியில்ல தம்பி, பழையதையே போட்டுத் தாங்க" என்று போன் கடைகளில் பெண்கள் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். மென்பொருளின் புதிய பதிப்பு வந்ததும் பொத்தான்கள் இடம் மாறுகின்றன. பழைய போன் மந்தமாகிறது. எரிச்சல் வருவது நியாயமே. ஆனால் பழைய பதிப்புக்குத் திரும்புவதில் இரண்டு ஆபத்துகள் உண்டு.

முதலாவது, தகவல் இழப்பு. 2009இல் கிண்ணியாப் பாலம் திறக்குமுன் பாதையில் ஏறித்தான் அக்கரை போனோம். பாலத்தை நம்பி ஏற்றிய பெருஞ்சுமையை இன்று அந்தப் பாதை தாங்குமா? புதிய பதிப்பு நம் தகவல்களைப் புதிய முறையில் அடுக்கி வைக்கிறது; பழையதற்கு அந்த அடுக்கு விளங்காமற் போகலாம். 2007ஆம் ஆண்டு வேர்ட்டின் புதிய வடிவில் சேமித்த கடிதம், தனி இணைப்பு இல்லாமல் 2003ஆம் ஆண்டு வேர்ட்டில் திறக்கவில்லை. அன்ட்ரொயிட் போனிலோ, புதியதன் மேல் பழையதைப் போட வழமையாக இடமில்லை. முதலில் புதியதை அழிக்க வேண்டும். அத்துடன் அதனுள் இருந்தவையும் அழிந்துவிடும். கட்டாரிலிருந்து கணவர் அனுப்பிய செய்திகளும் அதில் போய்விடலாம்.

இரண்டாவது, அடைத்த ஓட்டை மீண்டும் திறப்பது. 2019 மே மாதம் வட்ஸ்அப்பில் ஓர் ஓட்டை வெளியாயிற்று. அழைப்பு ஒன்றை எடுத்து வையுங்கள், எடுக்காமலே விடுங்கள். அதன் வழியே உளவு மென்பொருள் நுழைய முடிந்தது. புதிய பதிப்பே அதை அடைத்தது. 2017 மே மாதம் வன்னாகிரை என்ற கிருமி பிரித்தானிய மருத்துவமனைகளையும் முடக்கியது. அதற்கான அடைப்பை மைக்ரோசொப்ட் மார்ச் மாதமே வெளியிட்டிருந்தது; அதைப் போடாத கணினிகளே அகப்பட்டன. பழையதற்குத் திரும்புகிறவர், போட்ட அடைப்பைத் தம் கையாலேயே கழற்றுகிறார்.

புதியதில் உண்மையாகவே கோளாறு இருந்து, திரும்ப வேண்டிய நேரமும் வரும். அப்போது இவற்றைக் கவனியுங்கள்:

முதலில் படங்கள், செய்திகள், கணக்குகள் யாவற்றையும் வேறோரிடத்தில் பிரதி எடுங்கள்; அது திறக்கிறதா என்றும் பாருங்கள். இப்போதுள்ள பதிப்பின் எண்ணைக் குறித்து வையுங்கள். பழைய பதிப்பை யாரோ அனுப்பிய கோப்பிலிருந்து போடாதீர்கள். விண்டோஸை அடுத்த பதிப்புக்கு மாற்றினால், திரும்பிச் செல்லப் பொதுவாக 10 நாட்களே அவகாசம். கோளாறு திருத்திய அடுத்த பதிப்பு வந்ததும் உடனே ஏறிவிடுங்கள்.

பொத்தான் இடம் மாறியதுதான் குறை என்றால், ஒரு வாரம் பொறுத்துப் பழகிக்கொள்ளுங்கள். இழந்த செய்திகளைத் தேடி அலைவதைவிட அது எவ்வளவோ இலகு.