நீலப் புகை சொல்வது என்ன?

மேட்டூரிலிருந்து கொளத்தூர் வழியாக மாதேஸ்வரன் மலைக்குப் போகும் சாலையில், தமிழ்நாடு முடிந்து கர்நாடகம் தொடங்கும் இடம் பாலாறு. வேலூர்ப் பக்கத்துப் பாலாறு அல்ல இது. காவிரியில் வந்து கலக்கும் காட்டாறு. முன்பு மைசூர் மாவட்டத்தில் இருந்த பகுதி, இப்போது சாமராஜநகர் மாவட்டம். பத்திரிகை வாசகர்களுக்கு இந்தப் பெயரைக் கேட்டால், 1993 ஏப்ரல் 9 அன்று வீரப்பன் கும்பல் வைத்த கண்ணிவெடியில் 22 பேர் இறந்தது நினைவுக்கு வரும். வண்டி ஓட்டுகிறவர்களுக்கு நினைவு வருவது ஏற்றம். மேட்டூர் அணை நிரம்பினால் அதன் நீர்மட்டம் கடல் மட்டத்திலிருந்து 790 அடி. அந்தத் தண்ணீர் ஓரத்திலிருந்து கிளம்பும் வண்டி, சுமார் 3,000 அடி உயரத்தில் உள்ள கோயிலுக்குக் கொண்டை ஊசி வளைவுகளில் ஏறியாக வேண்டும்.

சமதளத்தில் எத்தனையோ குறைகளை மறைத்துக்கொண்டு ஓடும் டீசல் இன்ஜின், இப்படிப்பட்ட ஏற்றத்தில் எதையும் மறைப்பதில்லை. அமாவாசைக்கு ஆள் ஏற்றிக்கொண்டு போகும் வேன்களையும் சரக்கு லாரிகளையும் பின்னாலிருந்து பார்த்தாலே, எந்த வண்டி ஆரோக்கியம், எது நோயாளி என்று ஓரளவு சொல்லிவிடலாம். சைலன்ஸர் காட்டும் நிறம்தான் நாடி.

நிறங்கள் மூன்று. கறுப்புப் புகை என்றால் டீசல் அதிகம், காற்று குறைவு. ஏர் ஃபில்டர் அடைப்பு, நாசில் கோளாறு, அளவுக்கு மீறிய பாரம் ஆகியவை வழக்கமான காரணங்கள். வெள்ளைப் புகை என்றால் எரியாத டீசல், அல்லது ரேடியேட்டர் தண்ணீர் சிலிண்டருக்குள் போகிறது. நீலப் புகை என்றால் இன்ஜின் ஆயில் எரிகிறது. மூன்றிலும் உரிமையாளரின் வயிற்றைக் கலக்குவது இந்த நீலம்தான். காரணம், அதைப் பார்த்ததும் பல பட்டறைகளில் ஒரே தீர்ப்பு வந்துவிடுகிறது: "ரிங் போச்சு, இன்ஜினை இறக்கணும்."

சில சமயம் அது சரியான தீர்ப்பு. பல சமயம் விசாரணையே இல்லாமல் எழுதப்பட்ட தீர்ப்பு. ஒரே ஒரு வண்டியை வைத்து, அதையும் கடனில் வாங்கி ஓட்டும் சங்ககிரி, நாமக்கல் பக்கத்து ஓட்டுனருக்கு, இன்ஜினை இறக்குவது என்றால் உதிரிபாகச் செலவு மட்டுமல்ல. வண்டி நிற்கும் ஒவ்வொரு நாளும் வாடகை போகிறது, தவணை மட்டும் நிற்பதில்லை. எனவே இறக்குவதற்கு முன் கேட்க வேண்டிய கேள்விகள் சில உண்டு.

முதல் கேள்வி: அது உண்மையிலேயே நீலமா? எரியாமல் தப்பிய ஆயில், மிக நுண்ணிய துளிகளாக வெளியே வருகிறது. அந்தத் துளிகள் வெளிச்சத்தின் நீலப் பகுதியை அதிகம் சிதறடிக்கின்றன. வானம் நீலமாகத் தெரிவதும் ஏறக்குறைய இதே காரணத்தால்தான். துளி பெரிதானால் எல்லா நிறமும் சிதறி வெள்ளையாகிவிடும். ஆகவே வெளிறிய வானத்தைப் பின்னணியாக வைத்துப் பார்த்தால் நீலப் புகை பழுப்பாகத் தெரிந்து ஏமாற்றும். காடோ, நிழல் விழுந்த சுவரோ பின்னால் இருக்கும்படி நின்று பாருங்கள். குளிர்ந்த காலையில் ஸ்டார்ட் செய்ததும் வரும் வெளிர்ப் புகை பெரும்பாலும் எரியாத டீசல். அது கண்ணை எரிக்கும், பச்சை டீசல் வாசனை அடிக்கும். ஆயில் எரியும் வாசனை வேறு. கருகிய எண்ணெய்ச் சட்டியை நினைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது கேள்வி: ஆயில் எவ்வளவு குறைகிறது? இதற்கு மூக்கும் கண்ணும் போதாது, ஒரு நோட்டுப் புத்தகம் வேண்டும். சமதளத்தில் வண்டியை நிறுத்தி, இன்ஜின் அணைத்துச் சில நிமிடம் கழித்து டிப்ஸ்டிக்கைப் பாருங்கள். ஆயிரம் கிலோமீட்டர் ஓடிய பிறகு மறுபடி பாருங்கள். லிட்டருக்கு 4 கிலோமீட்டர் கொடுக்கும் லாரி, ஆயிரம் கிலோமீட்டருக்கு 250 லிட்டர் டீசல் குடிக்கும். அதே தூரத்துக்கு ஒரு லிட்டர் ஆயில் குறைந்தால், டீசலில் 0.4 சதவீதம். உழைத்த கனரக இன்ஜினுக்கு இது உடனே அபாயச் சங்கு ஊத வேண்டிய கணக்கல்ல. இரண்டு, மூன்று லிட்டர் என்று ஏறிக்கொண்டே போனால்தான் கவலைப்பட வேண்டும்.

புகையே இல்லாமல் ஆயில் குறைந்தால் வண்டிக்கு அடியில் ஒழுக்கைத் தேடுங்கள். ஏர் பிரேக் உள்ள வண்டியானால் காற்றுத் தொட்டியின் வடிகாலையும் திறந்து பாருங்கள். அங்கே ஆயில் கொட்டினால் குற்றவாளி ஏர் கம்ப்ரஸர், இன்ஜின் அல்ல. மாறாக, டிப்ஸ்டிக்கில் ஆயில் மட்டம் ஏறுகிறதா? டீசல் ஆயிலோடு கலக்கிறது என்று பொருள். நீர்த்துப்போன அந்த ஆயில் ரிங்கைத் தாண்டி எரிந்து நீலம் காட்டும். பம்பையோ நாசிலையோ சரிசெய்தால் போதும். ஆனால் கவனிக்காமல் ஓட்டினால் பேரிங் தேய்ந்து, பிறகு உண்மையிலேயே இன்ஜினை இறக்க வேண்டியதுதான்.

மூன்றாவது கேள்வி: எப்போது புகைகிறது? இரவெல்லாம் நின்ற வண்டி காலையில் ஒரு முறை நீலம் கக்கிவிட்டுப் பிறகு சுத்தமாக ஓடினால், வால்வு சீல் அல்லது கைடு வழியே ஆயில் இறங்கியிருக்கலாம். ஹெட் வேலையோடு முடிந்துவிடும். ஏற்றத்தில் பாரம் கூடக்கூடப் புகையும் கூடி, ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் குபுகுபுவென்று காற்று அடித்தால், ரிங்கும் லைனரும் தேய்ந்ததற்கு அது பலமான சாட்சி. பட்டறை மொழியில் இதற்கு 'பேக் கம்ப்ரஷன்' என்று பெயர். ஆனால் பிரீதர் குழாய் அடைத்திருந்தாலும் இதே அறிகுறி தெரியும். குழாயைச் சுத்தம் செய்துவிட்டு மறுபடி பாருங்கள்.

நீண்ட நேரம் ஐடிலில் நின்ற பிறகோ, நீண்ட இறக்கத்துக்குப் பிறகோ ஆக்ஸிலேட்டரை மிதித்தவுடன் நீலப் புகை வந்தால் பலரும் வால்வு கைடு என்பார்கள். பெட்ரோல் இன்ஜினுக்கு அது பொருத்தம். அங்கே த்ராட்டில் மூடும்போது உறிஞ்சும் விசை பலமாகி, கைடு வழியே ஆயிலை இழுக்கும். வழக்கமான டீசல் இன்ஜினில் அப்படிக் காற்றை மறிக்கும் கதவு கிடையாது. அங்கே முதலில் சந்தேகிக்க வேண்டியது டர்போவை. ஐடிலில் டர்போவுக்குள் காற்றழுத்தம் குறைந்து, சீலைத் தாண்டி ஆயில் கசிந்து தேங்கும். மிதித்ததும் எரியும். டர்போவிலிருந்து இன்டர்கூலருக்குப் போகும் ஹோஸைக் கழற்றி விரலால் தடவிப் பாருங்கள். லேசான பிசுபிசுப்பு சகஜம். ஆயில் வழிந்தால் தொல்லை. அப்போதும் புது டர்போ வாங்க ஓடாதீர்கள். ஏர் ஃபில்டர் அடைத்திருந்தாலும், டர்போவிலிருந்து ஆயில் திரும்பும் குழாய் அடைத்திருந்தாலும் நல்ல டர்போவே கசியும்.

இதைவிட மலிவான காரணங்களும் உண்டு. ஆயிலை மட்டத்துக்கு மேல் ஊற்றுவது ஒன்று. வயலில் ஓடும் பழைய பம்புசெட், டிராக்டர்களில் ஆயில் நிரப்பிய ஏர் கிளீனர் இருக்கும். அதில் கோட்டுக்கு மேல் ஆயில் ஊற்றினால் இன்ஜின் அதை உறிஞ்சி நீலப் புகையாக விடும். நோய் கிண்ணத்தில், அறுவை சிகிச்சை சிலிண்டருக்கு என்று ஆகிவிடக் கூடாது.

ஜெனரேட்டர்காரர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. தமிழ்நாட்டில் மின்வெட்டு வாட்டிய ஆண்டுகளில் தேவைக்கு மேல் பெரிய ஜெனரேட்டர் வாங்கி வைத்தவர்கள் ஏராளம். பெரிய இன்ஜினைச் சின்ன பாரத்தில் மணிக்கணக்கில் ஓட்டினால் உள்ளே சூடும் அழுத்தமும் போதாமல் ரிங் சரியாகப் பதியாது. லைனர் சுவர் கண்ணாடி போல் வழவழப்பாகி ஆயிலைப் பிடித்துவைக்கும் கோடுகள் மறையும். ஆயில் மேலேறி எரியும். ஆரம்ப நிலையில் இதற்கு மருந்து ஸ்பேனர் அல்ல, பாரம். சில மணி நேரம் நல்ல பாரத்தில் ஓட்டினாலே பல இன்ஜின்கள் தெளிந்துவிடும். புதிதாக ரிங் மாற்றிய இன்ஜினை ஐடிலிலேயே ஓடவிட்டு 'பழக்குவது' தவறு என்பதும் இதனால்தான்.

இத்தனையும் பார்த்த பிறகும் சந்தேகம் தீரவில்லையானால், ஒவ்வொரு சிலிண்டருக்கும் கம்ப்ரஷன் அளந்து எழுதித் தரச் சொல்லுங்கள். எல்லாம் சமமாகக் குறைந்திருந்தால் பொதுவான தேய்மானம். ஒன்று மட்டும் குறைந்தால் அந்த சிலிண்டரில் மட்டும் கோளாறு. பெட்ரோல் இன்ஜினுக்குச் செய்வது போல சிலிண்டரில் ஆயில் ஊற்றி அளக்கும் சோதனையை டீசலில் தவிர்ப்பது நல்லது. காற்றைப் பதினைந்து, இருபதில் ஒரு பங்காக நசுக்கும் இன்ஜின் அது. நசுக்க முடியாத திரவம் கொஞ்சம் அதிகமானாலும் கனெக்டிங் ராடு வளையும்.

செலவைவிடப் பெரிய விஷயம் ஒன்றும் இதில் இருக்கிறது. டர்போ சீல் முழுதாக உடைந்தாலோ, பேக் கம்ப்ரஷன் ஆயிலைக் காற்றுக் குழாய்க்குத் தள்ளினாலோ, இன்ஜின் தன் ஆயிலையே எரிபொருளாகக் குடித்து ஓடத் தொடங்கும். சாவியைத் திருப்பினாலும் நிற்காது. டீசல்தான் நிற்குமே தவிர ஆயில் நிற்காது. வேகம் கட்டுக்கடங்காமல் ஏறி இன்ஜின் வெடித்துச் சிதறலாம். கியர் வண்டியானால் பிரேக்கை அழுத்திப் பிடித்து, உயர்ந்த கியரில் போட்டு கிளட்ச்சை விட்டு இன்ஜினை அமுக்கி நிறுத்த வேண்டும். நிற்கும் ஜெனரேட்டரானால் காற்று போகும் வழியைப் பலகையால் அடைக்க வேண்டும், கையால் ஒருபோதும் கூடாது. முடியாவிட்டால் ஆட்களோடு விலகி ஓடுவதே புத்தி. நீலப் புகையைத் 'தன்னால் சரியாகும்' என்று விட்டுவைப்பவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும். மலைப்பாதையில் ஆள் நிறைந்த வேனுக்கு இது நடக்கக் கூடாது.

புகைப் பரிசோதனைச் சான்றிதழ் இருக்கிறதே என்று நிம்மதி அடையவும் முடியாது. அந்தக் கருவி, சூடேறிய இன்ஜினை வேகமாக மிதித்து, புகை எவ்வளவு வெளிச்சத்தை மறைக்கிறது என்று மட்டுமே அளக்கிறது. பழைய டீசல் வண்டிகளுக்கு வரம்பு ஹார்ட்ரிட்ஜ் அளவில் 65, பி.எஸ்.4 வண்டிகளுக்கு 50. நிறத்தை அது கேட்பதில்லை. மெல்லிய நீலம் தேர்வில் பாஸாகிவிடும். 2020 ஏப்ரல் முதல் வந்த பி.எஸ்.6 டீசல் வண்டிகளிலோ, சைலன்ஸர் பாதையில் உள்ள துகள் வடிகட்டி புகையையே மறைத்துவிடலாம். எரிந்த ஆயிலின் சாம்பல் அந்த வடிகட்டியில் படிந்து, விலை உயர்ந்த அதையும் அடைக்கும். அங்கே டிப்ஸ்டிக்கும் நோட்டுப் புத்தகமும்தான் கண்.

பழைய வண்டி வாங்கப் போகிறவர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். கெட்டியான ஆயிலும், புகையை அடக்கும் டப்பா மருந்தும் சில நாளைக்கு நீலத்தை மறைக்கும். நீங்கள் போகும்போதே இன்ஜின் சூடாக இருந்தால், "நாளைக் காலை வருகிறேன், அதுவரை ஸ்டார்ட் பண்ணாதீர்கள்" என்று சொல்லிவிட்டு வாருங்கள். நல்ல வண்டி வைத்திருப்பவர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

மெக்கானிக்கை நம்ப வேண்டாம் என்பதல்ல பேச்சு. நல்ல மெக்கானிக், நாடி பார்க்காமல் கத்தியை எடுக்க மாட்டார். ஆயிரம் கிலோமீட்டருக்கு எத்தனை லிட்டர் ஆயில், எந்த நேரத்தில் புகை, சிலிண்டருக்கு சிலிண்டர் கம்ப்ரஷன் எவ்வளவு என்ற மூன்று பதிலும் கையில் இருந்தால் அவரோடு சமமாக உட்கார்ந்து பேசலாம். மூன்றும் ரிங்கைத்தான் காட்டுகின்றன என்றால் தயங்காமல் இறக்குங்கள். அதுவரை ஸ்பேனர் பெட்டியிலேயே இருக்கட்டும்.