பெயர் எதற்குத் தோழர்?

சென்ற மாதம் எழும்பூர் ரயில் நிலையத்துக்கு எதிரே ஒரு கருத்தரங்கப் பதாகையில் எங்கள் படத்தைப் பார்த்தோம். பத்தடி உயரம். தோளில் தொங்கும் பறையை நெஞ்சோடு அணைத்து, அடிக்குச்சி மேலே எழும்பிய நொடியில் கண்களை மூடியிருக்கும் ஒரு பெரியவர். அவர் முகத்துக்கு மேலேயே தலைப்பை அச்சிட்டிருந்தார்கள். அமைப்பின் பெயர் இருந்தது. பேச்சாளர்கள் ஒன்பது பேரின் பெயர்கள் பட்டங்களோடு இருந்தன. ஓரத்தில் பதாகை அடித்த அச்சகத்தின் பெயரும் கைப்பேசி எண்ணும்கூட இருந்தன. படம் எடுத்தவரின் பெயர் மட்டும் இல்லை.

தொலைபேசியில் கேட்டோம். ஆதிக்க சாதிக்காரர்களின் அமைப்பு அல்ல அது, நம்முடையதுதான். வந்த பதில் இது: "இயக்கத்துக்குத்தானே தோழர், பெயர் எதற்கு?"

அந்தக் கேள்விக்குத்தான் இங்கே பதில் எழுதுகிறோம்.

நாங்கள் நான்கு பேர். ஒருவர் கூரியர் நிறுவனத்தில் வேலை செய்கிறார். ஒருவர் அரசுப் பள்ளியில் ஆய்வக உதவியாளர். ஒருவர் வங்கிக் கடன் வசூல் பிரிவில், ஊர் திட்டுவதையெல்லாம் வாங்கிக்கொள்ளும் வேலையில் இருக்கிறார். நான்காமவர் கல்யாண ஸ்டூடியோவில் ஆல்பமும் ஃபிளெக்ஸும் வடிவமைக்கிறார். வாரத்துக்கு இரண்டு 'ஆண்ட பரம்பரை' பதாகையாவது அவர் கையால்தான் உருவாகிறது, அந்த வயிற்றெரிச்சலை அவரிடம் தனியாகக் கேட்டுக்கொள்ளுங்கள். மாலையிலும் சனி ஞாயிறுகளிலும் நாங்கள் கச்சேரிப் புகைப்படக்காரர்கள். கானா மேடை, பறையிசை நிகழ்வு, கல்லூரி விழா, மார்கழியில் சபா என்று அழைத்த இடத்துக்கெல்லாம் போவோம். மிச்ச நேரத்தில் யாரும் கேட்காத படங்களை எங்களுக்காக எடுப்போம். எங்களைப் போன்றவர்களை 'செமி புரொஃபஷனல்' என்கிறார்கள். தொழில் பாதி நேரம்தான், தவணைக் கடன் மட்டும் முழுக் கடன்.

அந்தப் படம் எப்படி வந்தது என்று சொல்கிறோம். மேடையில் ஊதா எல்.இ.டி. விளக்கு. ஃபிளாஷ் போடக் கூடாது, போடவும் மாட்டோம். கண்ணை மூடி வாசிக்கிற மனிதரின் முகத்தில் வெளிச்சத்தை அறைவது அவமரியாதை. ஐ.எஸ்.ஓ.வை 6400க்கு ஏற்றினோம். ஷட்டரை 1/500இல் வைத்தால் குச்சி காற்றில் உறைந்து நிற்கும், படம் பொம்மை போல இருக்கும். 1/30இல் வைத்தால் முகமும் சேர்ந்து கலங்கும். பறைக்கு எங்களுக்குப் பிடித்தது 1/60. ஆள் நிற்பார், கை ஓடும். ஆனால் அந்த வேகத்தில் இருபது படத்தில் ஒன்றுதான் தேறும். அன்று மூன்று மணி நேரம் முட்டி போட்டு, ஸ்பீக்கர் பெட்டிக்குப் பக்கத்தில் காது அடைத்துப்போகக் கிடந்தோம். ஆயிரத்து இருநூறு படங்கள் எடுத்தோம். இரவு இரண்டு மணிவரை உட்கார்ந்து நாற்பதைத் தேர்ந்தெடுத்தோம். லென்ஸ் வடபழனியில் நாள் வாடகைக்கு எடுத்தது. மறுநாள் காலை ஒன்பது மணிக்கு வழக்கம்போல வேலை.

இதற்குப் பெயர் வேலை. 'ஆர்வம்' என்று சொல்லித் தோளைத் தட்டிக்கொடுப்பவர்கள் கொஞ்சம் யோசிக்க வேண்டும். மைக்செட்காரருக்குப் பணம் கொடுத்தீர்கள். பந்தல்காரருக்குக் கொடுத்தீர்கள். பிரியாணிக்கு முன்பணமே கொடுத்தீர்கள். புகைப்படக்காரரிடம் மட்டும் "உங்களுக்கும் நாலு பேர் அறிமுகமாவாங்க" என்றீர்கள். பெயரே போடாத படத்தால் எந்த நாலு பேர் அறிமுகமாவார்கள் என்பது எங்களுக்கு இன்னும் விளங்கவில்லை.

சட்டம் தெளிவாகவே இருக்கிறது. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தில், படத்தை எடுத்தவரே அதன் ஆசிரியர். ஒருவர் பணம் கொடுத்து எடுக்கச் சொன்னால், வேறு ஒப்பந்தம் இல்லாதபோது உரிமை பணம் கொடுத்தவருக்குப் போகும் என்கிறது 17ஆம் பிரிவு. அப்போதும்கூட 'இது நான் எடுத்தது' என்று சொல்லும் உரிமை எடுத்தவரிடமே தங்கும் என்கிறது 57ஆம் பிரிவு. அதாவது எங்களுக்கு உரிய கூலியைக் கொடுத்திருந்தால் அந்தப் படத்தைப் பதாகை, புத்தக அட்டை, டி சர்ட் என்று எங்கே வேண்டுமானாலும் போட்டுக்கொண்டிருக்கலாம். பெயர் மட்டும் போட்டிருந்தால் போதும். கூலியும் கொடுக்கவில்லை, பெயரும் போடவில்லை.

ஆனால் எங்களுக்கு உறுத்துவது சட்டம் அல்ல. 'இயக்கத்துக்குத்தானே' என்ற அந்தச் சொல்லின் ஓசை. அது நமக்குப் புதிய ஓசை அல்ல. ஊரில் சாவு விழுந்தால் பறை அடிக்கப் போக வேண்டும். போகாவிட்டால் உதை. போனால் கொஞ்சம் நெல், ஒரு பழைய வேட்டி, கொஞ்சம் சாராயம். அதைக் கூலி என்று ஊர் சொல்லவில்லை; கடமை என்றது, வழமை என்றது. மகாராஷ்டிரத்தில் இதன் பெயர் மகர் வதன். ஊர்க்காவலுக்கும் சேதி சொல்லவும் அதிகாரிகளுக்கு ஏவல் செய்யவும் இரவு பகல் பாராமல் ஓட வேண்டும். பதிலுக்கு ஒரு துண்டு நிலம், ஊராரிடம் போய் வாங்கும் தானியம். 1928இல் பம்பாய் சட்டமன்றத்தில் அண்ணல் அம்பேத்கர், 1874ஆம் ஆண்டின் பரம்பரைப் பணிச் சட்டத்தைத் திருத்த மசோதா கொண்டுவந்தது இந்த அடிமைத்தளையை அறுக்கத்தான். கூலியின் இடத்தில் வழமை வந்து உட்காரும்போது அடிமைத்தனமும் கூடவே வந்து உட்காருகிறது என்பதை அவரிடமிருந்துதானே கற்றோம்? அவர் படத்தை மேடையில் மாட்டிவிட்டு, அந்த மேடையைப் படம் எடுப்பவனிடம் ஊழியம் கேட்பது எப்படித் தோழர்?

மறுபக்கம் எப்படி இருக்கிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். இல்லாவிட்டால் நாங்கள் வீட்டுக்குள் மட்டுமே சண்டை போடுகிறோம் என்று ஆகிவிடும்.

சபாக்களில் எங்கள் நிலைமை வேறு. அங்கே பணம் வரும், தாமதமாக வரும். கேமராவைப் பையிலிருந்து எடுக்கும்வரை எங்களைத் தண்ணீர் கேன் போட வந்தவர்கள் என்றே நினைப்பார்கள். தண்ணீர் கேன் போடுவது இழிவு என்று சொல்லவில்லை. எங்களைப் பார்த்ததும் அது மட்டுமே ஏன் தோன்றுகிறது என்று கேட்கிறோம். ஷட்டர் சத்தம் கேட்டால் முன்வரிசை திரும்பிப் பார்க்கும், அதனால் சத்தம் போடாத மிரர்லெஸ் கேமராவுக்கு மாறினோம். அந்தக் கடன் இன்னும் ஓடுகிறது. அங்கே எங்களிடம் எல்லோரும் கேட்கும் படம் ஒன்று உண்டு: மிருதங்கத்தின் வலந்தலை, கரணையின் மேல் எழும்பும் விரல்கள், பின்னால் மங்கலான தம்புரா. அழகான படம்தான். நூறு முறை எடுத்திருக்கிறோம். ஒவ்வொரு முறையும் அந்தத் தோல் எங்களைத் திரும்பிப் பார்க்கிறது.

அது மாட்டுத்தோல், ஆட்டுத்தோல், எருமைத்தோல். அதைத் தேர்ந்து, பதப்படுத்தி, இழுத்துக் கட்டி, நாதம் வரும்வரை காது வைத்துக் கேட்பவர்களில் பலர் தலித் கிறித்தவர்கள். டி.எம். கிருஷ்ணா அவர்களைப் பற்றி 2020இல் 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' என்று புத்தகம் எழுதினார். அதன் வெளியீட்டுக்கு முதலில் இடம் தந்த கலாக்ஷேத்ரா பிறகு அனுமதியைத் திரும்பப் பெற்றுக்கொண்டது நினைவிருக்கும். பாலக்காடு மணி ஐயரின் படம் எத்தனை சுவர்களில் தொங்குகிறது! அவருக்கு மிருதங்கம் செய்து கொடுத்த பர்லாந்தின் முகத்தை நம்மில் எத்தனை பேர் பார்த்திருக்கிறோம்? படம் எடுக்காமல் விட்டதும் ஒரு தீர்ப்புதான். அந்தத் தீர்ப்பை எழுதியவர்களில் எங்களுக்கு முன்னால் இதே தொழிலைச் செய்த புகைப்படக்காரர்களும் உண்டு.

கருப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. கேமராவுக்குள் இருக்கும் ஒளிமானி எதைப் பார்த்தாலும் நடுத்தரச் சாம்பல் என்று நினைத்துக்கொள்ளும். பளீரென்ற வெள்ளை வேட்டி சட்டையில் கருத்த மனிதர் பாடினால், அது வேட்டியைப் பார்த்துப் பயந்து முகத்தை இருட்டில் தள்ளிவிடும். இயந்திரம் நடுநிலையானது என்பவர்களுக்கு ஒரு பழைய கதை. அமெரிக்காவில் கோடாக் நிறுவனம் வண்ணத்தைச் சரிபார்க்க ஆய்வகங்களுக்கு 'ஷெர்லி கார்டு' அனுப்பும். அதில் இருந்தது ஒரு வெள்ளைக்காரப் பெண். அவள் தோல் சரியாக வந்தால் உலகமே சரி. பழுப்பு நிறங்களைப் பிடிக்கும்படி ஃபிலிமைத் திருத்த வேண்டும் என்ற நெருக்கடி, சாக்லேட் வியாபாரிகளும் மரச்சாமான் வியாபாரிகளும் புகார் சொன்ன பிறகுதான் பலமாக வந்தது என்று அங்கே வேலை செய்தவர்களே சொல்லியிருக்கிறார்கள். கறுப்பின மக்களின் முகத்துக்காக வராத அக்கறை அலமாரிக்காக வந்தது.

நாங்கள் முகத்துக்கு ஒளியளவு வைப்போம், வேட்டி வெளுத்துப் போனால் போகட்டும். முகத்தை வெளுப்பாக்குவதில்லை என்று நால்வரும் சேர்ந்து முடிவு செய்திருக்கிறோம். முதல் எதிர்ப்பு எங்கிருந்து வந்தது தெரியுமா? ஒரு கானா பாடகரிடமிருந்து. "அண்ணா, கொஞ்சம் கலர் ஏத்திக் குடுங்கண்ணா, இன்ஸ்டால போடணும்." என்ன சொல்வது? வகுப்பெடுக்க மனம் வரவில்லை. இரண்டு விதமாகவும் பிரிண்ட் போட்டு எடுத்துப்போனோம். வெகு நேரம் பார்த்துவிட்டு ஏற்றாததையே எடுத்துக்கொண்டார். வேறொருவர் ஏற்றியதை எடுத்துக்கொண்டார். இரண்டும் நடக்கத்தான் செய்கிறது.

இனி கலைக்கூடம். எங்களில் ஒருவர் கண்ணகி நகர்க்காரர். நகரத்தின் நடுவிலிருந்து அள்ளி வெளியே கொட்டப்பட்ட குடும்பம். மொட்டை மாடியில் காயும் துணிகளுக்குள் தெருவிளக்கு புகுந்து வரும் ஒளியை இரண்டு வருடம் எடுத்தார். ஆள் இல்லாத படங்கள். நீலச் சேலை ஒன்று இரவில் கடல் மாதிரி கிடக்கும். எங்கள் நால்வரில் அவர்தான் உண்மையான கலைஞர், இதைச் சொல்ல எங்களுக்குப் பொறாமையும் இல்லை. அதை எடுத்துக்கொண்டு ஒரு கலைக்கூடத்துக்குப் போனோம். பொறுப்பாளர் அன்பாகத்தான் பேசினார், காபி கொடுத்தார். பிறகு கேட்டார்: "இதுல உங்க ஸ்டோரி எங்க இருக்கு? உங்க பகுதியில இருந்து வர்றப்போ அந்த வலி வேணாமா?" அதே சுவரில் அன்று தொங்கிக்கொண்டிருந்தவை, ஒரு பெரிய வீட்டுப் பிள்ளை எடுத்த கூழாங்கல் படங்கள். அந்தக் கூழாங்கல்லிடம் யாரும் வலி கேட்கவில்லை.

வலியை எடுக்கக் கூடாது என்று நாங்கள் சொல்லவில்லை. மீன் விற்கும் தாயின் மகனான பழனிக்குமார், சாக்கடைக்குழிகளில் செத்தவர்களின் குடும்பங்களை எடுத்த படங்கள் இல்லாவிட்டால் அந்தச் சாவுகள் பலருக்கு எண்ணிக்கையாகவே போயிருக்கும். வாடிப்பட்டியின் ஜெய்சிங் நாகேஸ்வரன் தன் குடும்பத்தையே எடுத்தார், அதில் அன்புதான் முன்னால் நிற்கிறது. எதை எடுப்பது என்று அவர்கள் முடிவு செய்தார்கள். எங்கள் நண்பருக்கும் அந்த முடிவு வேண்டும். துணியையும் விளக்கையும் பார்க்க அவருக்கு உரிமை இல்லை, மலக்குழியை மட்டும்தான் பார்க்கலாம் என்றால், கையில் கேமராவைக் கொடுத்த பிறகும் சேரிக்கு எல்லை போடுகிறார்கள் என்று அர்த்தம்.

இவ்வளவும் எழுதி முடித்த இரவில் எங்களில் ஒருவர் கேட்டார்: "சரி, அந்தப் பறை அடிக்கிற பெரியவர் பேர் என்ன?"

யாருக்கும் தெரியவில்லை. கோப்பைத் திறந்து பார்த்தோம். நாங்களே வைத்த பெயர் 'பறையிசைக் கலைஞர் 07'. பெயர் போடவில்லை என்று இத்தனை பக்கம் கத்தியவர்கள் நாங்கள்.

விசாரித்துக்கொண்டு செங்கல்பட்டுப் பக்கம் போனோம். வீட்டு வாசலில் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். கைப்பேசியில் படத்தைக் காட்டினோம், சிரித்தார். பதாகையைக் காட்டினோம், சிரிப்பு போய்விட்டது. கொஞ்ச வருடங்களுக்கு முன் ஊர்ச் சாவுக்கு அடிக்க மாட்டேன் என்று நிறுத்தியவர் அவர். அதற்காகப் பட்டதெல்லாம் பட்டவர். இப்போது மேடைக்கு மட்டும்தான் பறையை எடுக்கிறார். தன் முகம் பத்தடி உயரத்தில் எழும்பூரில் நின்றது அவருக்கு அதுவரை தெரியாது. "கேட்டிருந்தா குடுத்திருப்பேன்பா," என்றார். பிறகு பதாகையை விரலால் பெரிதாக்கிப் பார்த்தவர், "இடது கைய வெட்டிட்டானுவளே. சிண்டுக்குச்சி எங்க?" என்றார். தலைப்புக்கு இடம் வேண்டி வெட்டியிருக்கிறார்கள். எங்களுக்கு அதுவரை அது கண்ணில் படவே இல்லை.

பெயர் போடலாமா என்று கேட்டோம். "போடறதா இருந்தா அப்பா பேரோட முழுசா போடு. ஊர் பேரு வேணாம். இப்ப எங்கயும் எழுதாத, பொண்ணு கல்யாணம் முடியட்டும்." அதனால் இங்கே எழுதவில்லை.

அந்த அமைப்புக்கு ரசீது அனுப்பியிருக்கிறோம். நான்காயிரம் ரூபாய், பாதி அவருக்கு, பாதி எங்களுக்கு. இனி அந்தப் படத்தைப் போடுவதானால் இரண்டு குச்சியும் தெரிய முழுதாகப் போட வேண்டும், முகத்தின் மேல் எழுத்து கூடாது, அவரைக் கேட்காமல் போடவே கூடாது என்றும் எழுதியிருக்கிறோம். 'பார்க்கிறோம் தோழர்' என்று பதில் வந்திருக்கிறது. வெட்டாத படத்தை பன்னிரண்டுக்குப் பதினெட்டு அங்குலத்தில் பிரிண்ட் போட்டுவிட்டோம், வரும் ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்குக் கொண்டுபோகிறோம்.