ஒரே ஆள், இரண்டு டியூட்டி

வேனுக்குள் ஒரு கட்டில், ஒரு சின்ன அடுப்பு, ஒரு கம்ப்யூட்டர். இவற்றோடு தன்னந்தனியாக மாதக்கணக்கில் ஊர் ஊராகச் சென்றுகொண்டே ஆபீஸ் வேலையையும் பார்ப்பது என்று ஒரு புதுப் பழக்கம் வந்திருக்கிறது. 2020-ல் கொரோனா ஊரடங்கின்போது வீட்டிலிருந்தே வேலை என்று ஆரம்பித்தது. வீட்டிலிருந்து பார்க்கலாம் என்றால், அந்த வீடு சக்கரத்தின் மேல் இருந்தால் என்ன என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். கேள்வி நியாயமானதுதான்.

நம்மவர் வீடுகளிலும் இந்தக் கேள்வி எழும். வாளையாறிலும் கொழிஞ்சாம்பாறையிலும் மூணாறு எஸ்டேட் லயங்களிலும் வளர்ந்து படித்த பிள்ளைகள் இன்று கோவை, கொச்சி, பெங்களூர் கம்பெனிகளில் இருக்கிறார்கள். ஒரு பழைய வேனை வாங்கிக்கொண்டு, “அம்மா, நான் புறப்படுகிறேன்” என்று ஒரு பிள்ளை வந்து நின்றால் பெற்றவர்கள் என்ன சொல்வது? கூடாது என்று ஒரே வார்த்தையில் தடுப்பது முறையல்ல. போய் வா என்று கண்ணை மூடிக்கொண்டு அனுப்புவதும் முறையல்ல.

முன்பே நடந்ததுதான்

பிரயாணத்தையும் உத்தியோகத்தையும் சேர்ப்பது அடியோடு புதிய காரியம் அல்ல. 1983-ல் ஸ்டீவன் ராபர்ட்ஸ் என்ற அமெரிக்க எழுத்தாளர், ஒஹாயோ மாநிலத்துக் கொலம்பஸ் நகரிலிருந்து சைக்கிளில் புறப்பட்டார். கையடக்கக் கம்ப்யூட்டரில் கட்டுரை எழுதி, வழியில் கிடைத்த டெலிபோன் மூலம் அனுப்பிப் பிழைத்தார். முதல் பிரயாணமே சுமார் 10 ஆயிரம் மைல். பிறகு, ஓட்டிக்கொண்டே டைப் அடிப்பதற்குக் கைப்பிடியில் விசைகள் பொருத்திய சைக்கிளையும் செய்தார். சைக்கிளில் அது சாமர்த்தியம். நம் மலைச்சாலையில் வேன் ஓட்டுகிறவர் அப்படிச் செய்ய நினைத்தால் அது விபரீதம்.

கேரள அரசும் இந்தப் பக்கம் கண் வைத்திருக்கிறது. 2021-ல் காரவன் சுற்றுலாக் கொள்கையை அறிவித்தது. 2022 பிப்ரவரியில் இடுக்கி மாவட்டம் வாகமண்ணில் மாநிலத்தின் முதல் காரவன் பூங்கா திறக்கப்பட்டது. ஆக, வண்டிக்கு நிற்க இடம் கிடைக்கத் தொடங்கிவிட்டது. ஓட்டுகிறவருக்கு ஓய்வு யார் தருவது?

ரயில்வே சொல்லும் பாடம்

ரயில்வேயில் குமாஸ்தா வேலை பார்க்கிறவன் என்ற முறையில் ஒன்று சொல்வேன். இஞ்சினில் லோகோ பைலட்டுக்குத் துணையாக உதவி லோகோ பைலட் இருக்கிறார். வண்டியின் கடைசியில் கார்டு இருக்கிறார்; 2022 முதல் அவருக்கு டிரெயின் மானேஜர் என்று பெயர். டிக்கெட் பார்ப்பவர் வேறு. டியூட்டி முடிந்தால் படுத்து எழ ரன்னிங் ரூம் உண்டு. நெடுந்தூர லாரியிலும் டிரைவருக்குப் பேச்சுத் துணைக்காவது ஒரு கிளீனர் உண்டு.

1961-ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம், நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி என்று வரம்பு கட்டியது. ஐந்து மணி நேரத்துக்கு மேல் போவதற்குமுன் அரை மணி ஓய்வு தரவேண்டும் என்றும் விதித்தது. களைத்த கண் சாலையைப் பார்க்காது என்ற அனுபவத்தில் பிறந்த விதிகள் இவை.

தனி வேன்காரரின் கதை என்ன? அவரே டிரைவர், அவரே கிளீனர், அவரே கார்டு, அவரே குமாஸ்தா. பகலில் எட்டு மணி நேரம் ஆபீஸ் வேலையை முடித்துவிட்டு இரவில் ஸ்டியரிங்கைப் பிடித்தால் அது இரண்டாவது டியூட்டி. கம்பெனிக்கு அவர் குமாஸ்தா மட்டும். சாலைக்கு அவர் டிரைவர் மட்டும். இரண்டையும் கூட்டிப் பார்க்க ஆள் இல்லை. ஆபத்து இருக்கும் இடம் இதுதான்.

மலையின் கணக்கு வேறு

பாலக்காட்டுக் கணவாய்ச் சாலை அகலமானது. குதிரானில் 2021-லும் 2022-லும் சுரங்கப் பாதைகள் திறந்தபின் திருச்சூர் போவது சுலபமாகிவிட்டது. இடுக்கி அப்படியல்ல. போடியிலிருந்து போடிமெட்டு ஏற 17 கொண்டை ஊசி வளைவுகள். அதற்கப்பால் மூணாறு போகும் வழியில் கேப் ரோடு 2019-லும் 2020-லும் மண் சரிந்து அடைபட்டது. பரம்பிக்குளம் பாலக்காடு மாவட்டம்தான். ஆனால் சாலை வழியாகப் போக வேண்டுமானால் தமிழ்நாட்டுச் சேத்துமடையைச் சுற்றித்தான் போகவேண்டும். வரைபடத்தில் பக்கம் என்று நம்பி, சாயங்கால மீட்டிங்குக்கு நேரம் குறிப்பவர் ஏமாறுவார். ஏமாந்தவர் வேகம் கூட்டுவார்.

சிக்னல் விஷயமும் இப்படியே. 2020 ஆகஸ்ட் 6 இரவு பெட்டிமுடியில் மலை சரிந்து, தமிழ்த் தோட்டத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 70 பேர் மாண்டனர். கரண்டும் இல்லை, போனும் இல்லை. செய்தி வெளியே வர மறுநாள் காலையாயிற்று. லயம் லயமாகக் குடும்பங்கள் இருந்த இடத்துக்கே அந்தக் கதி என்றால், வளைவோரம் தனியே நிற்கும் ஒரு வேனின் கதி என்ன? டூரிஸ்டுகளுக்காக அல்லாவிட்டாலும் எஸ்டேட் மக்களுக்காக, மழையிலும் நிற்காமல் வேலை செய்யும் டெலிபோன் கோபுரங்கள் இந்த மலைகளுக்கு வேண்டும்.

என்ன செய்யலாம்?

ஓட்டும் நாள் வேறு, உத்தியோக நாள் வேறு என்று பிரித்துவிடுவதே முதல் விதி. வாரத்தில் ஐந்து நாள் ஒரே ஊரில் வண்டியை நிறுத்தி வேலை பார்க்கட்டும். விடுமுறை நாளில், அதுவும் பகலில் மட்டும் ஓட்டட்டும். இருட்டுமுன் ஆள் நடமாட்டம் உள்ள இடத்தில் நிறுத்தட்டும். இடவப்பாதி மழைக்காலத்தில் மலைப்பக்கமே போகவேண்டாம். அன்றன்று எங்கே தங்குகிறோம் என்பதை வீட்டில் ஒருவருக்குத் தினமும் சொல்லட்டும்.

வண்டியை இஷ்டப்படி வெட்டி ஒட்டுவதும் கூடாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு அதைக் கட்டுப்படுத்துகிறது. கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் அதையே வலியுறுத்தியது.

கம்பெனிகளுக்கும் பொறுப்பு உண்டு. வேனிலிருந்து வேலை பார்க்க எழுத்து மூலம் அனுமதி கொடுக்கட்டும். ஓட்டும் நாள் எது என்று கேட்டுக் குறித்துக்கொண்டு, அன்று போன் செய்யாமல் இருக்கட்டும். இதற்குச் செலவு ஒன்றும் இல்லை.

ஊர் பார்க்க ஆசைப்படுவது குற்றமல்ல. பிழைப்புக்காக மலையேறி வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் சந்தோஷத்துக்காக மலையேறுவது நமக்குப் பெருமையே. ஆகவே பெற்றவர்கள் தடுக்கவேண்டாம். “ஒரு நாளைக்கு ஒரு டியூட்டிதான்” என்று பிள்ளையிடம் வாக்கு வாங்கிக்கொண்டு அனுப்புங்கள்.