பில்லைக் கொடுக்கும் முன்

2023 பிப்ரவரியில், கொச்சியை அடுத்த திருப்பூணித்துறையில் குடித்துவிட்டு பஸ் ஓட்டிய டிரைவர்களைப் பிடித்த போலீசார், இனிமேல் அப்படி ஓட்ட மாட்டோம் என்று ஆயிரம் தடவை எழுத வைத்தனர். அவர்களில் பள்ளிக்கூட பஸ் ஓட்டியவர்களும் உண்டு என்பதுதான் வேதனை.

எழுதினால் கை வலிக்கும், புத்தி வருமா? முதல் குற்றத்துக்கே 6 மாதம் வரை சிறை, 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் என்கிறது 2019-ல் திருத்தப்பட்ட சட்டம். ஆனால் போலீஸ் எல்லாத் தெருவிலும் நிற்க முடியாது.

செல்போனும் ஒரு போதையே. மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் போகும் லாரி 2 விநாடியில் 22 மீட்டர் ஓடிவிடும். அந்த 2 விநாடி டிரைவரின் கண் போனில் இருந்தால், லாரி குருடாக ஓடுகிறது என்றே பொருள். மட்டாஞ்சேரி பஜார் ரோடு போன்ற குறுகலான தெருவில் மூட்டை சுமப்பவர் எங்கே ஒதுங்குவார்?

டிரைவரின் நிலையை முதலில் அறிபவர்கள் கிளீனரும், லோடு ஏற்றுபவரும், கிடங்குக் குமாஸ்தாவும்தான். பில் இல்லாமல் லோடு புறப்படாது. வாயில் சாராய வாடை அடித்தால், குமாஸ்தா பில்லைக் கொடுக்காமல் முதலாளியிடம் சொல்லட்டும். 'நமக்கென்ன' என்று இருந்துவிடக் கூடாது. சரக்கு நாளைக்குப் போகலாம். பிழைக்க வந்தவன் உயிர் போனால், ஊரில் மணியார்டரை நம்பியிருந்த குடும்பத்துக்கு யார் பதில் சொல்வது?